கணக்கு டீச்சர் பதில்கள்: பெருக்கலைக் கூட்டலாக மாற்றியவர்கள்

பெருமாள்மலைத் தபால்காரர் இந்த மாதம் கொண்டுவந்த கட்டில் ஐந்து கடிதங்கள் மடக்கையை, அதாவது லாகரிதம் (லாக்) என்கிறோமே, அதைப் பற்றியே இருந்தன. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள் நான். அத்தனை வருடத்திலும் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் இதுதான். அதனால் இந்த இதழில் வேறு கேள்விகளை எடுக்கவில்லை. வட்டிக் கணக்கு கேட்ட அய்யலூர் வாசகரும் மாயச் சதுரம் கேட்ட பழனி வாசகரும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

"டீச்சர், இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. அதனால் இரண்டை அடிமானமாக வைத்தால் எட்டின் லாக் மூன்று என்று சொல்லிக் கொடுத்தார்கள். புரிந்தது. ஆனால் தெரிந்த ஒன்றையே திருப்பிப் போட்டுக் கேட்கிற மாதிரி இருக்கிறது. இதை யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள்?"
— பிளஸ் ஒன் மாணவி, பூம்பாறை

நல்ல கேள்வி, பாப்பா. உன் புத்தகம் அடுக்கை முதலில் சொல்லி, அதைத் திருப்பிப் போட்டு மடக்கை என்கிறது. நடந்தது அப்படி இல்லை. மடக்கை அட்டவணை அச்சில் வந்தது 1614இல். எண்ணின் தலைக்கு மேல் சின்னதாக அடுக்கு எழுதுகிறோமே, அந்த எழுத்துமுறையை தெகார்த்தே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் தன் வடிவியல் நூலில் பரவலாக்கியது 1637இல். அதாவது மடக்கை பிறந்தபோது அடுக்குக்குச் சரியான எழுத்துகூடக் கிடையாது. 'அடுக்கின் தலைகீழ்' என்ற விளக்கம் நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டில், ஆய்லர் என்ற கணித அறிஞர் காலத்தில். உனக்குப் பாடத்தில் உயிர் இல்லாதது போலத் தோன்றுவதற்குக் காரணம் இந்த வரிசைதான். கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்கிறோம்.

பூம்பாறைப் பிள்ளைக்குப் பூண்டை வைத்துச் சொல்கிறேன். ஒரு பல்லை ஊன்றினால் ஒரு முழுப் பூண்டு. அதில் எட்டுப் பல் என்று வைத்துக்கொள்வோம். எதையும் விற்காமல், குழம்பில் போடாமல், எட்டையும் விதையாக ஊன்றினால் அடுத்த போகத்தில் 64 பல். அதற்கடுத்து 512. பிறகு 4096, 32768, 262144. இதை நோட்டில் இரண்டு வரிசையாக எழுது. இடது பக்கம் எத்தனையாவது போகம்: 1, 2, 3, 4, 5, 6. வலது பக்கம் அந்தந்தப் போகத்துப் பல்லின் எண்ணிக்கை.

இப்போது 64ஐ 512ஆல் பெருக்க வேண்டும். பெருக்காதே. 64க்கு எதிரே 2 இருக்கிறது, 512க்கு எதிரே 3 இருக்கிறது. கூட்டினால் 5. ஐந்தாம் போகத்துக்கு எதிரே பார்: 32768. அதுதான் விடை. அந்தப் போகத்தின் எண்தான் மடக்கை. 'மடங்கு' என்ற சொல் அந்தப் பெயருக்குள்ளேயே கேட்கிறது பார்.

இந்த இரண்டு வரிசைச் சூட்சுமம் 1614இல் வந்த அந்த அட்டவணைக்கு முன்பே தெரிந்திருந்தது. ஜெர்மனியில் மிக்கேல் ஷ்டீஃபெல் 1544இல் அச்சிட்ட எண்கணித நூலில் 1, 2, 4, 8 என்ற வரிசைக்கு மேலே 0, 1, 2, 3 என்று எழுதி, மேலே கூட்டுவது கீழே பெருக்குவதற்குச் சமம் என்று காட்டியிருக்கிறார். ஒன்றுக்குக் கீழே அரை, கால் என்று இறங்கி, மேலே குறை எண்களைக்கூடப் போட்டிருக்கிறார். ஆனாலும் அவரோடு அது நின்றுவிட்டது. ஏன் தெரியுமா? 37ஐ 45ஆல் பெருக்கு என்று நான் சொன்னால் உன் பூண்டுப் பட்டியலை வைத்து என்ன செய்வாய்? அதில் 8 இருக்கிறது, அடுத்தது 64தான். 37ம் இல்லை, 45ம் இல்லை. நடுவில் ஒரு பெரிய பள்ளம்.

மடக்கையின் வரலாறு என்பது இந்தப் பள்ளத்தை நிரப்பிய வரலாறுதான். யோசனை சுலபம். நிரப்புகிற வேலைக்கு மனிதர்கள் ஆயுளையே கொடுத்தார்கள்.

யாருக்கு இவ்வளவு பெருக்கல் தேவைப்பட்டது? வானத்தைப் பார்த்தவர்களுக்கும் கடலில் போனவர்களுக்கும். ஒரு கிரகத்தின் இடத்தைக் கணக்கிட ஏழு இலக்க சைன் ஒன்றை இன்னொரு ஏழு இலக்க சைனால் பெருக்க வேண்டும், வகுக்க வேண்டும், திரும்பவும் பெருக்க வேண்டும். ஒரு இலக்கம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுக்கப் போச்சு. அன்று டென்மார்க்குக்குச் சொந்தமாக இருந்த ஹ்வேன் தீவில் வானாய்வகம் வைத்திருந்த டைக்கோ பிராஹேயின் ஆட்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். அது உன் முக்கோணவியல் பாடத்திலேயே இருக்கிறது: இரண்டு கோணங்களின் கொசைன்களைப் பெருக்கி இரட்டிப்பாக்கினால், அந்தக் கோணங்களின் கூடுதலுக்கும் வித்தியாசத்துக்கும் உரிய கொசைன்களைக் கூட்டியதற்குச் சமம். இந்தச் சூத்திரம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் ஹ்வேன் தீவைச் சொல்வேன். பெருக்கலைத் தவிர்க்கவே அதைப் பயன்படுத்தினார்கள். அந்தச் செய்தி ஸ்காட்லாந்து அரசரின் மருத்துவர் ஜான் கிரெய்க் வழியாக எடின்பரோ பக்கத்து நிலக்கிழார் ஒருவரின் காதுக்கு எட்டியது என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர்தான் ஜான் நேப்பியர்.

1550இல் பிறந்தவர். மெர்க்கிஸ்டன் கோட்டை அவர்கள் குடும்பத்துடையது. கல்லூரிப் பேராசிரியர் இல்லை, வானியலாளரும் இல்லை. பண்ணையம் பார்த்தார், மதச் சண்டையில் தீவிரமாக இருந்தார், விவிலியத்தின் திருவெளிப்பாட்டுக்கு 1593இல் ஒரு விளக்க நூல் எழுதினார். இதற்கு நடுவில் ஏறத்தாழ இருபது வருடம் ஒரே ஒரு அட்டவணைக்காக உட்கார்ந்திருக்கிறார். பெரிய எண்களைப் பெருக்குவது, வகுப்பது, மூலம் எடுப்பது போல நேரத்தைத் தின்று பிழைக்கும் இடம் கொடுக்கிற வேலை கணக்கில் வேறில்லை, அந்தத் தடையை நீக்க என்ன வழி என்று யோசித்தேன் என்கிற பொருளில் முன்னுரையில் எழுதியிருக்கிறார். பாப்பா, உன் கேள்வியின் 'எதற்காக' என்ற பாதிக்கு இதுதான் பதில். அடுத்தவருடைய கை வலிக்காகத்தான்.

அவர் பள்ளத்தை நிரப்பிய விதத்தைக் கேள். எடுத்த எண் ஒரு கோடி. அந்தக் காலத்து அட்டவணைகளில் பின்னத்தைத் தவிர்க்க 90 பாகையின் சைனை ஒன்று என்று வைக்காமல் பெரிய முழு எண்ணாக வைப்பார்கள். இவர் கோடி வைத்தார். அந்தக் கோடியிலிருந்து அதன் கோடியில் ஒரு பங்கைக் கழித்தார்: 9999999. அதிலிருந்து அதன் கோடியில் ஒரு பங்கு: 9999998.0000001. இப்படியே நூறு முறை. நூறாவது எண் 9999900.0004950. கவனித்தாயா, இதில் பெருக்கலே இல்லை. புள்ளியை ஏழு இடம் நகர்த்திக் கழித்தால் போதும். பெருக்கலை ஒழிக்க வந்த அட்டவணையைப் பெருக்காமலே கட்டியிருக்கிறார். பூண்டு எட்டு எட்டு மடங்காகத் தாவியது. இவருடைய எண்கள் ஒரு எறும்பு அடி வீதம் இறங்குகின்றன. அதனால் பள்ளமே இல்லை.

எறும்பு அடியிலேயே போனால் ஆயுள் போதாது. அதனால் இரண்டாவது பட்டியலில் லட்சத்தில் ஒரு பங்காக 50 முறை கழித்தார், மூன்றாவதில் இன்னும் பெரிய அடி. அந்த இரண்டாவது பட்டியலின் கடைசி எண் 9995001.224804 என்று வர வேண்டும். நேப்பியர் 9995001.222927 என்று எழுதிவிட்டார். எங்கேயோ ஒரு கழித்தல் வழுக்கியிருக்கிறது. அது கீழே இறங்கி அட்டவணையின் கடைசி இலக்கங்களைக் கொஞ்சம் கெடுத்தது. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலரும். விளக்கு வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து கழித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் அப்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடுவார்.

அவர் தந்த விளக்கம் எண்களால் இல்லை, நகர்வால். நம் ஊர் வழியில் சொல்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து ஒரு பேருந்து தேனி ரோட்டில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. அதே நேரம், அதே வேகத்தில் கிளம்பிய இன்னொரு பேருந்து காட் ரோட்டில் ஏறுகிறது. ஆனால் கொடைக்கானலுக்கு மீதித் தூரம் பாதியானால் வேகமும் பாதி, மீதி காலானால் வேகமும் கால். மலையேறும் பேருந்துக்கு எந்த நொடியில் எவ்வளவு தூரம் மீதி இருக்கிறதோ அது எண். அந்த நொடியில் சமவெளிப் பேருந்து எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதோ அது அந்த எண்ணின் மடக்கை. கிளம்பும்போது மீதித் தூரம் முழுசு, ஓடிய தூரம் சுழி. அதனால் நேப்பியரின் அட்டவணையில் ஒரு கோடியின் மடக்கை சுழி.

1614இல் எடின்பரோவில் லத்தீனில் புத்தகம் வந்தது. விளக்கம் 57 பக்கம், அட்டவணை 90 பக்கம். ஒவ்வொரு பாகையையும் அறுபது கலையாகப் பிரித்து ஒவ்வொரு கலைக்கும் சைனும் அதன் மடக்கையும். விகிதத்தைக் குறிக்கும் 'லோகோஸ்', எண்ணைக் குறிக்கும் 'அரித்மோஸ்' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'லாகரிதம்' என்று பெயர் வைத்தவரும் அவரே. அதற்கு முன் வெறுமனே 'செயற்கை எண்' என்று எழுதிவந்தார்.

இதே யோசனை இன்னொருவருக்கும் வந்தது. அவர் பெயரை விட்டுவிட்டுக் கதை சொல்ல எனக்கு மனம் வராது. யோஸ்ட் பூர்கி, சுவிட்சர்லாந்துக்காரர், 1552இல் பிறந்தவர், கடிகாரம் செய்கிறவர். லத்தீன் தெரியாது. காஸெல் அரண்மனையிலும் பிறகு பிராகிலும் வேலை பார்த்தார். அவர் எடுத்த அடி பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு வரிக்கும் முந்தைய எண்ணோடு அதன் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டே போனார். ஒன்று பத்தாவதற்கு 23027 வரிகள். ஒரு வரிசையைச் சிவப்பு மையிலும் மற்றதைக் கறுப்பு மையிலும் அச்சிட்டார். நேப்பியருக்கு முன்பே செய்து வைத்திருந்தார் என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் அச்சிட்டது 1620இல், போர் சூழ்ந்த பிராகில், அதுவும் எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கம் சேர்க்காமல். கூடவே வேலை பார்த்த வானியலாளர் கெப்ளர், பெற்ற பிள்ளையை ஊருக்கு உதவ வளர்க்காமல் பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டார் என்று பின்னால் வருத்தப்பட்டு எழுதினார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் அந்த வருத்தம் வரும். நோட்டில் சரியாகப் போட்டுவிட்டு வகுப்பில் கை தூக்காத பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

இனி பிரிக்ஸ். இவரைச் சொல்வதற்கு முன் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் அவர் கணக்குப்பிள்ளை. கூலிக் கணக்கு, மூட்டைக் கணக்கு எல்லாம் மனசிலேயே போடுவார். 1971இல் நான் பி.யு.சி. படிக்கும்போது விடுமுறைக்கு வந்து லாக் புத்தகத்தைக் காட்டி, "இதை வெச்சுப் பெருக்காமலே பெருக்கலாம்ப்பா" என்றேன். அவர் உடனே, "347ஐ 286ஆல பெருக்கு" என்றார். 347க்கு 2.5403, 286க்கு 2.4564, கூட்டினால் 4.9967. எதிர்மடக்கை, அதாவது அந்த மடக்கைக்கு உரிய எண்ணை, பார்த்து 99240 என்றேன். அவர் அதற்குள் பென்சிலால் பெருக்கி முடித்திருந்தார். "99242 வருது தாயி. ரெண்டு எங்க போச்சு?"

நாலு இலக்க அட்டவணை நாலு இலக்கம்தான் தரும் என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு ரூபா குறைஞ்சா தோட்டத்துல என்னைய நிக்க வெச்சுக் கேப்பாங்க" என்றார். அது நியாயம்தான். எத்தனை இலக்கம் வேண்டுமோ அத்தனை இலக்கம் தருகிற அட்டவணை வேண்டும். அந்த வேலையைத்தான் ஹென்றி பிரிக்ஸ் செய்தார்.

பிரிக்ஸ் லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வடிவியல் பேராசிரியர். நேப்பியரின் புத்தகத்தைப் படித்துவிட்டு 1615 கோடையில் எடின்பரோவுக்கே போய்விட்டார். இருவரும் சந்தித்தபோது கால் மணி நேரம் பேச்சே வராமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அப்புறம் பேசிப் பேசி, 1இன் மடக்கை சுழி, 10இன் மடக்கை 1 என்று மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். நீ இன்று பயன்படுத்துவது அந்த முடிவைத்தான். அடுத்த வருடமும் பிரிக்ஸ் போனார். மூன்றாவது முறைக்கு நேப்பியர் இல்லை. 1617 ஏப்ரலில் இறந்துவிட்டார். செய்தி எட்டாமல், 1619இல் கெப்ளர் அவருக்குக் கடிதமாக ஒரு காணிக்கையே எழுதியிருக்கிறார்.

புது அட்டவணைக்கு அடித்தளமாக பிரிக்ஸ் பத்துக்கு வர்க்கமூலம் எடுத்தார். அந்த விடைக்கு மறுபடி வர்க்கமூலம். இப்படி 54 முறை, முப்பதுக்கும் மேற்பட்ட தசம இடங்களோடு, கையால். நேரம் கிடைத்தால் ஒரே ஒரு முறை பத்துத் தசம இடம் வரை எடுத்துப் பார் பாப்பா, அப்போது தெரியும். 1617இல் ஆயிரம் வரையான எண்களுக்கு வெளியிட்டார். 1624இல் வந்த பெரிய நூலில் 1 முதல் 20,000 வரை, பிறகு 90,000 முதல் ஒரு லட்சம் வரை, ஒவ்வொன்றுக்கும் 14 தசம இடம். நடுவில் விட்ட எழுபதாயிரத்தை ஹாலந்தில் அட்ரியான் ஃப்ளாக் 1628இல் பத்துத் தசம இடத்தில் நிரப்பினார். பள்ளம் முழுசாக அடைபட்டது அப்போதுதான். அப்பா தேடிய அந்த 'ரெண்டு'ம் அதற்குள் இருக்கிறது.

*

"மடக்கையை நேப்பியருக்கு எண்ணூறு வருடம் முன்பே சமணர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், வெள்ளைக்காரன் பெயர் வாங்கிக்கொண்டான் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். உண்மையா?"
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஒட்டன்சத்திரம்

ஐயா, பாதி உண்மை. அந்தப் பாதியே பெருமைக்குரியது. வீரசேனர் என்ற சமண ஆசாரியர் சட்கண்டாகமம் என்ற சமண நூலுக்கு எழுதிய தவளா என்ற உரை 816 வாக்கில் முடிந்தது. அதில் 'அர்த்தச்சேதம்' என்று ஒரு கருத்து வருகிறது. ஒரு எண்ணை எத்தனை முறை பாதியாக வெட்டினால் ஒன்றுக்கு வரும் என்பது அதன் அர்த்தச்சேதம். 32ஐ ஐந்து முறை வெட்டலாம், அதனால் 5. மூன்றாக வெட்டுவதற்கும் நான்காக வெட்டுவதற்கும் தனித்தனிப் பெயர் உண்டு. இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும் என்ற விதியும் அங்கே இருக்கிறது. இது மடக்கையின் விதிதான், சந்தேகமே இல்லை. உலகத்தை நிரப்பும் மிகப்பெரிய எண்களைப் பற்றிச் சிந்தித்தவர்களுக்கு அது தேவைப்பட்டது.

ஆனால் அதைக் கொண்டு தினசரிப் பெருக்கலுக்கு அட்டவணை கட்டியதற்குச் சான்று இல்லை. மேலே பூம்பாறைப் பிள்ளைக்குச் சொன்ன அந்தப் பள்ளம் இங்கேயும் நிரம்பவில்லை. நேப்பியருக்கு இந்த உரை தெரிந்திருக்க வழியும் இல்லை. மூடபித்ரியில் பூட்டிப் பாதுகாக்கப்பட்ட ஓலைச்சுவடி அது. ஆகவே யாரும் யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னும் பின்னால் போனால் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் ஒரு கடன் கணக்கு இருக்கிறது. வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வட்டி, வட்டிக்கு வட்டி. முதல் எப்போது இரட்டிக்கும்? வங்கியில் இருந்த உங்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். மூன்று வருடம் முடிந்தால் 1.728 மடங்கு, நான்கு முடிந்தால் 2.0736. அவர்கள் இரண்டுக்கும் நடுவில் நேர்விகிதமாகப் பிரித்து, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3.787 வருடம் என்று போட்டிருக்கிறார்கள். இது மடக்கை கேட்கிற கேள்வியேதான்.

நம் நாட்டுப் பங்கு என்று பேச வேண்டுமானால் நான் வேறொன்றைச் சொல்வேன். நேப்பியர் மடக்கை எடுத்தது சைனுக்கு. அந்த சைன், ஆரியபட்டர் 499இல் பட்டியல் போட்ட 'ஜ்யா'வின் வழியில் வந்தது. அது அரபியில் 'ஜிபா' ஆகி, 'ஜைப்' என்று படிக்கப்பட்டு, லத்தீனில் 'சைனஸ்' என்று மொழிபெயர்க்கப்பட்டது. எடின்பரோவில் அவர் முன்னால் விரிந்திருந்த அட்டவணைக்குள் நம்முடைய ஒரு சொல் அடையாளம் மாறி உட்கார்ந்திருந்தது. கூட்டங்களில் இதைச் சொல்லுங்கள் ஐயா, யாரும் மறுக்க முடியாது.

*

"பழைய புத்தகத்தில் இயற்கை மடக்கையை 'நேப்பியர் மடக்கை' என்று போட்டிருக்கிறதே?"
— கல்லூரி மாணவர், நிலக்கோட்டை

பழகிப்போன பெயர், அவ்வளவுதான். நேப்பியரின் அட்டவணை கோடியில் தொடங்கி இறங்குகிறது, எண் சிறுக்கச் சிறுக்க மடக்கை பெருக்கிறது. 1இன் மடக்கை அவருக்குச் சுழி இல்லை. ஈ (e, ஏறத்தாழ 2.718) என்ற எண்ணை அடிமானமாகக் கொண்ட இயற்கை மடக்கை வேறு. எழுதியவர் பெயர் போடாத ஒரு பின்னிணைப்பில் அது 1618இலேயே எட்டிப் பார்க்கிறது. 1647இல் கிரெகரி என்ற பெல்ஜியத்துப் பாதிரியார் அதிபரவளையம் (ஹைப்பர்போலா) என்ற வளைகோட்டின் கீழுள்ள பரப்பை ஆராய்ந்தார். அது மடக்கை போல நடந்துகொள்கிறது என்று இரண்டு வருடம் கழித்து சரசா என்ற இன்னொரு பாதிரியார் காட்டினார். 'இயற்கை' என்ற பெயர் 1668இல் நிக்கோலஸ் மெர்காட்டர் நூலில் இருக்கிறது.

*

"டீச்சர், நான் ஜீப்பில் சுற்றுலாப் பயணிகளை அப்சர்வேட்டரிப் பக்கம் கூட்டிப்போகிறவன். நட்சத்திரத்துக்கு நம்பர் போடும்போது வெளிச்சம் கூடினதுக்குச் சின்ன நம்பர், குறைஞ்சதுக்குப் பெரிய நம்பர் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை."
— வாகன ஓட்டுநர், கொடைக்கானல்

தம்பி, நீங்கள் கேட்டதற்கும் இந்த மாதத்துப் பாடத்துக்கும் நேரடி உறவு இருக்கிறது. பழைய கிரேக்கர்கள் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். மிகப் பளிச்சென்றது முதல் வகுப்பு, மங்கலானது ஆறாம் வகுப்பு. ரயிலில் முதல் வகுப்பு என்பது போலத்தான், எண் சின்னது என்றால் தரம் உயர்ந்தது. இந்த வகுப்புகளுக்கு 1856இல் சரியான அளவு வைத்தவர் நார்மன் போக்சன். முதல் வகுப்பு, ஆறாம் வகுப்பைவிட 100 மடங்கு வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டார். நடுவில் ஐந்து படி. ஆக ஒரு படிக்கு 2.512 மடங்கு. அந்த 2.512இன் மடக்கை 0.4. வெளிச்சம் மடங்கு மடங்காகக் குறைய, எண் ஒவ்வொன்றாகக் கூடுகிறது. பூண்டும் போகமும் இதே உறவுதான்.

போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். அந்தச் சென்னை ஆய்வகத்தின் பணிதான் 1899இல் உங்கள் ஜீப் ஏறுகிற மலைக்கு வந்தது. அந்தக் கட்டடத்தின் முன்னோர் வரிசையில் உலகம் முழுவதும் இன்றும் நட்சத்திரத்துக்கு எண் போடும் முறையை வகுத்தவர் இருக்கிறார் என்று பயணிகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி, மார்ச் மாதம் பனிமூட்டம் விலகிய இரவில் தெற்கே அகத்திய நட்சத்திரத்தையும் அதற்கு மேலே சிரியஸையும் காட்டுங்கள். சிரியஸுக்கு எண் குறை 1.46, அகத்தியத்துக்குக் குறை 0.74. வித்தியாசம் 0.72. அதை 0.4ஆல் பெருக்கி எதிர்மடக்கை பார்த்தால் 1.94. அதாவது சிரியஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெளிச்சம். வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டு மடங்கு என்று சொல்லத் தோன்றாது, 'கொஞ்சம் கூட' என்றுதான் தோன்றும். நம் கண் கூட்டலைவிட மடங்கைத்தான் படியாக எடுத்துக்கொள்கிறது. கிரேக்கர்கள் கண்ணால் பிரித்த வகுப்புக்கு மடக்கை பொருந்திப் போனதற்கு அதுவே காரணம்.

*

"என் தகப்பனார் சர்வேயராக இருந்தவர். அவர் பெட்டியில் பழைய லாக் புத்தகம் இரண்டு கிடைத்தன. கால்குலேட்டர் காலத்தில் இவற்றை வைத்து என்ன செய்வது? எடைக்குப் போடலாமா?"
— இல்லத்தரசி, பண்ணைக்காடு

போட வேண்டாம் அம்மா. நேப்பியரின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் எட்வர்ட் ரைட் என்ற கடற்பயணக் கணக்காளர். அவர் இறந்தபின் 1616இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. சூரத்துக்கு வரும் கப்பல்கள் வழி தப்பாமல் இருக்கத்தான். அந்தக் கம்பெனியின் ஆள் லெப்டினன்ட் வார்டு 1821இல் நம் பழனி மலையை அளக்க ஏறினார். அந்தக் காலத்து முக்கோண அளவையில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மீதிப் பக்கங்களை சைனின் மடக்கை பார்த்துத்தான் போடுவார்கள். உங்கள் அப்பா வைத்திருந்தது அந்த வேலையின் கருவி. வியாபாரத்துக்கும் ஆட்சிக்கும் பயன்பட்டது, நம் ஊரின் நில எல்லைகளுக்கும் பயன்பட்டது.

அந்தப் புத்தகத்தில் ஒரு காரியம் செய்து பாருங்கள். நான்கு இலக்க லாக் அட்டவணை எதிரெதிராக இரண்டே பக்கம். இடது பக்கம் 10 முதல் 54, வலது பக்கம் 55 முதல் 99. எது அதிகம் அழுக்காக இருக்கிறது? என்னுடையதில் இடது பக்கம். சைமன் நியூகோம் என்ற அமெரிக்க வானியலாளர் 1881இல் இதைத்தான் கவனித்தார். லாக் புத்தகங்களின் முன்பக்கங்கள் பின்பக்கங்களைவிட வேகமாகத் தேய்கின்றன, ஏனென்றால் நாம் சந்திக்கும் எண்களில் 1இல் தொடங்குபவை அதிகம். நூற்றுக்கு 30. இந்த 30 எங்கிருந்து வருகிறது? 2இன் மடக்கை 0.3010. ஒன்பதில் தொடங்குபவை ஐந்துகூட இல்லை. அதே கணக்கில் நான் போட்டுப் பார்த்தேன்: 5.5இன் மடக்கை 0.7404. ஆக நான்கு முறை புத்தகத்தைத் திறந்தால் மூன்று முறை விரல் இடது பக்கத்துக்குப் போகும். உங்கள் அப்பாவின் விரல் அந்தத் தாளில் இருக்கிறது. 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்டு இதைத் திரும்பக் கண்டார். இன்று பொய்க் கணக்கு எழுதியவர்களைப் பிடிக்கத் தணிக்கையாளர்கள் இந்த விதியைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் மலைக் காற்றில் தாள் பூத்துப்போகும், அதுதான் பயம். தை, மாசி வெயிலில் நிழலாக ஒரு இடத்தில் விரித்து வையுங்கள், நேரடி வெயில் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்து, நடுவில் காய்ந்த வேப்பிலை இரண்டு, பெட்டிக்குள் ஒரு துண்டு வசம்பு. இரண்டு புத்தகம் என்கிறீர்களே, அதில் ஏழு இலக்க அட்டவணை இருந்தால் தகவல் எழுதுங்கள். 347க்கும் 286க்கும் எதிரே என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.